‘வெளியிடு’ பொத்தான் யார் கையில்?

வகுப்புக்கு வலைப்பூ தொடங்க நினைக்கும் ஆசிரியர் முன்னால் பெரும்பாலும் இரண்டு பெயர்கள் வந்து நிற்கும்: பிளாகர், வேர்ட்பிரஸ். பிளாகர் மூத்தது. 1999இல் பைரா லேப்ஸ் தொடங்கியதை 2003இல் கூகுள் வாங்கியது. அதே 2003இல்தான் மேட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் வேர்ட்பிரஸைக் கட்டற்ற மென்பொருளாக வெளியிட்டார்கள்.

எளிமை என்று பார்த்தால் பிளாகர்தான். கூகுள் கணக்கு இருந்தால் பத்து நிமிடத்தில் பக்கம் தயார். காசு கிடையாது, நாமாகச் சேர்த்தால் ஒழிய விளம்பரமும் கிடையாது. வேர்ட்பிரஸ்.காமின் இலவசப் பக்கங்களில் விளம்பரம் வரும். பிள்ளைகள் படிக்கும் பக்கத்தில் அது பெரிய குறைதான். சொந்த வழங்கியில் வேர்ட்பிரஸை நிறுவினால் விளம்பரத் தொல்லை இல்லை. ஆனால் ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும், புதுப்பித்தல்களைத் தவறாமல் செய்ய வேண்டும். அதைப் பொறுப்பாகப் பார்க்க ஆள் இல்லாத பள்ளி அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

இவற்றையெல்லாம் விட நான் முதலில் பார்ப்பது வேறொன்று: ‘வெளியிடு’ பொத்தானை அழுத்துவது யார்?

பிளாகரில் எழுதுபவர்களுக்கு இரண்டே நிலைகள்: நிர்வாகி, ஆசிரியர். இந்த ‘ஆசிரியர்’ எழுதுகிறவர். நம் வகுப்பில் அது மாணவர். ஏழாம் வகுப்புப் பெண் தன் முழுப்பெயர், தெரு, பள்ளி விட்டு வீடு திரும்பும் வழி எல்லாவற்றையும் எழுதிப் பொத்தானை அழுத்தினால், அந்த நொடியே அது வெளியாகிவிடும். நிர்வாகி பிறகு நீக்கலாம். அதற்குள் யார் படித்தார்கள், யார் படம் எடுத்து வைத்தார்கள் என்பது நம் கையில் இல்லை. வாசகர்களை அழைப்பின்பேரில் மட்டும் அனுமதிக்கும் வசதி பிளாகரில் உண்டு. அது ஓரளவு காப்பு. ஆனால் வெளியார் படிக்கிறார்கள் என்ற உற்சாகம் போய்விடும்.

வேர்ட்பிரஸில் ‘பங்களிப்பாளர்’ என்றொரு நிலை இருக்கிறது. மாணவர் எழுதலாம், திருத்தலாம், மதிப்பாய்வுக்கு அனுப்பலாம், வெளியிட முடியாது. கையெழுத்துப் பத்திரிகை நடத்திய பள்ளிகளுக்கு இது பழகிய முறைதான். பிள்ளைகள் தாளைக் கொண்டுவந்து கொடுப்பார்கள், தமிழாசிரியர் பார்த்துச் சேர்ப்பார். பங்களிப்பாளரால் படம் ஏற்ற முடியாது. தான் வரைந்ததைத் தானே போட ஆசைப்படும் பிள்ளைக்கு அது ஏமாற்றம்தான். ஆனாலும் சக மாணவரின் முகம் கேட்காமல் இணையம் ஏறாது என்பதால் அதை நான் குறையாக எண்ணவில்லை.

வயது இன்னொரு சிக்கல். இந்தியாவில் பிள்ளை தானாகக் கூகுள் கணக்குத் தொடங்க 13 வயது ஆக வேண்டும். இதற்காகப் பிறந்த ஆண்டை மாற்றிப் போடச் சொல்வதும், ஒரே கடவுச்சொல்லை வகுப்பு முழுக்கப் பகிர்வதும் பிள்ளைகளுக்குத் தவறான பாடம். இதற்கு ஒரு வழி, 2005இல் ஜேம்ஸ் ஃபார்மர் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய எஜுபிளாக்ஸ் என்ற வலைப்பூத் தளம். அது வேர்ட்பிரஸின் மீது இயங்குவது. அதில் மாணவருக்கு மின்னஞ்சல் இல்லாமலே ஆசிரியர் கணக்கு உருவாக்கித் தரலாம். பதிவுகளையும் கருத்துகளையும் பார்த்த பிறகே வெளியிடலாம்.

என் முடிவு இது. பிள்ளைகள் தாளில் எழுத, ஆசிரியர் ஒருவரே தட்டச்சு செய்து ஏற்றுவதானால் பிளாகர் போதும். பிள்ளைகளே விசைப்பலகையில் கை வைப்பதானால் வேர்ட்பிரஸ் அல்லது எஜுபிளாக்ஸ்தான். எதுவானாலும், இந்தியாவின் 2023ஆம் ஆண்டு இலக்கமுறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது. ஆகவே முதல் பதிவுக்கு முன்பே பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.