கைப்பெட்டியும் வங்கி முகப்பும்

வங்கி வேலை என்றால் விசிறிக்கடியில் உட்கார்ந்து நோட்டு எண்ணுவதுதான் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அந்த வேலை வந்த வழியைச் சற்றுப் பார்ப்போம்.

19-ஆம் நூற்றாண்டிலேயே பினாங்கிலும், சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் செட்டியார் கிட்டங்கிகள் இருந்தன. ஒரே கூடத்தில் பல கடைகள், கடைக்கொரு கைப்பெட்டி. அதுவே எழுதும் மேசை. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் எடுபிடி வேலையோடு பேரேடு எழுதவும் ஐந்தொகை கட்டவும் கற்று, அடுத்தாளாகி, மேலாளாக உயர்ந்தான். பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணை. மனைவி மக்கள் ஊரில்; உறக்கம் அந்தக் கூடத்திலேயே. ஆனால் அந்த வேலை பெரும்பாலும் அச்சமூகத்துப் பிள்ளைகளுக்கே கிடைத்தது.

1960-இல் மலாயன் பேங்கிங் கோலாலம்பூரில் தொடங்கி, பல ஊர்களில் கிளைகளைத் திறந்தது. வங்கிக் கிராணி வேலைக்குக் கேட்டது பள்ளிச் சான்றிதழை. நம் பிள்ளைகளில் பலர் ஆறாம் வகுப்போடு நின்றதால், நாம் முகப்புக்கு இப்பாலேயே நின்றோம்.

முகப்புக்கு அப்பால் என்ன வேலை? சம்பள நாளில் வரிசை குறையாது. கையெழுத்துப் போடத் தெரியாதவரிடம் கைரேகை வாங்க வேண்டும். கதவடைத்த பிறகுதான் கணக்கு. கையிருப்பும் சீட்டுகளும் ஒத்துவரவேண்டும். ஒரு வெள்ளி குறைந்தாலும் மீண்டும் எண்ணவேண்டும். பணவறையை ஒருவர் தனியே திறக்கக்கூடாது. இருவர் சாவியும் வேண்டும்.

1980-களில் பணம் தரும் இயந்திரங்கள் பரவின. எண்ணும் வேலை குறைந்தது. பிறர் பணத்துக்குப் பதில் சொல்லும் பொறுப்பு மனிதரிடமே இருந்தது. அதற்குக் கணக்கும் மொழியும் வேண்டும். பிள்ளையின் படிப்பை நிறுத்த நினைக்கும் நாளில் இதை நினைவில் கொள்வோம்.