மோட்டாரின் மூச்சுவழி: கரி பஸ் முதல் கோல்ட் ஏர் இன்டேக் வரை

மோட்டார் வண்டி ஓடுவதற்கு எரிபொருளைவிடக் காற்றுதான் அதிகம் வேண்டும். ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய, எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று தேவை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்து முடிவதற்குள் எஞ்சின் ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்றை இழுத்துக்கொள்கிறது. அந்தக் காற்று நுழையும் வழியில் ஏதேனும் ஒரு கருவியைப் பொருத்தி வண்டியைத் தேவைக்கு ஏற்றபடி மாற்றும் வழக்கம் தென்தமிழகத்துக்குப் புதிதன்று. போர்க்காலத்தில் கரிவாயுக் கலன் வந்தது. பிறகு புழுதியைப் பிடிக்கும் எண்ணெய் வடிகட்டி வந்தது. இன்று உதிரிபாகக் கடைகளில், எஞ்சினுக்குக் குளிர்ந்த காற்றைக் கூடுதலாகத் தரும் என்று சொல்லி ‘கோல்ட் ஏர் இன்டேக்’ விற்கிறார்கள். கொடுத்த காசுக்கு எது தகும் என்ற கேள்விக்கு இந்த வரலாறே விடை தருகிறது.

தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் உள்ள ஸ்ரீவைகுண்டம், அந்த ஆற்றின் கடைசி அணைக்கட்டை ஒட்டிய ஊர். திருநெல்வேலி–திருச்செந்தூர் ரயில் பாதை 1923இல் வந்தது. ரயிலுக்கு எட்டாத ஊர்களை இணைத்தவை மோட்டார் பஸ்கள். தென்மாவட்டங்களில் அந்தத் தொழிலுக்கு அடிகோலியவர் இம்மண்ணைச் சேர்ந்தவரே. அன்றைய திருநெல்வேலி மாவட்டத்துத் திருக்குறுங்குடியில் 1877இல் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார், 1912இல் பஸ் போக்குவரத்தில் இறங்கினார். மதுரையில் வேரூன்றிய அவரது டி.வி.எஸ். நிறுவனம் பஸ், சரக்குப் போக்குவரத்து, வண்டி விற்பனை, பழுதுபார்ப்பு எனப் பல கிளைகளாகப் பரந்தது.

இரண்டாம் உலகப் போர் இந்தத் தொழிலின் குரல்வளையைப் பிடித்தது. 1941இல் இந்தியாவில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் முன்னேறியபோது, யெனாங்யாங் எண்ணெய்க் கிணறுகளைப் பிரிட்டிஷார் தாமே அழித்துவிட்டுப் பின்வாங்கினர். சென்னை மாகாணத்தில் பெட்ரோல் தட்டுப்பாடு முற்றியது. பஸ்களை நிறுத்துவது அல்லது வேறு எரிபொருளைத் தேடுவது என்ற நிலையில், டி.வி.எஸ். நிறுவனம் கரியில் இயங்கும் வாயுக் கலனை வடிவமைத்துத் தயாரித்தது. ‘டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்’ என்று பெயர் பெற்ற அக்கருவி, ஓடிக்கொண்டிருந்த பெட்ரோல் வண்டிகளிலேயே பொருத்தப்பட்டது. மக்கள் அவ்வண்டிகளைக் கரி பஸ் என்றனர்.

கரிவாயு உண்டாகும் முறை எளியது. உயரமான இரும்பு உருளையில் மரக்கரியை நிரப்பி, அடியில் தீமூட்டி, காற்றை அளவோடு விட வேண்டும். கரி எரிந்து உண்டாகும் கார்பன் டை ஆக்சைடு, மேலே கனன்றுகொண்டிருக்கும் கரியின் ஊடே செல்லும்போது கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. ஈரப்பதம் இருந்தால் சிறிது ஹைட்ரஜனும் சேரும். இந்த எரிவாயு, குளிர்விக்கும் குழாய்கள் வழியாகவும் சாம்பலைப் பிடிக்கும் வடிகட்டி வழியாகவும் சென்று, கலப்பு வால்வில் காற்றோடு சேர்ந்து எஞ்சினுக்குள் நுழையும். பெட்ரோல் வண்டியின் மூச்சுவழியே அதன் எரிபொருள் வழியாகவும் ஆனது.

இதற்குக் கொடுத்த விலை பணத்தோடு முடியவில்லை. கரிவாயுவில் ஏறத்தாழ பாதி, எரியாத நைட்ரஜன். அதனால் எஞ்சினின் திறன் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை குறைந்தது. மேட்டில் வண்டி திணறும். சில வேளைகளில் பயணிகள் இறங்க நேரும். புறப்படுவதற்கு முன் உருளையில் தீமூட்டி, விசிறியைக் கையால் சுற்றி, வாயு ஊறும்வரை காத்திருக்க வேண்டும். நன்கு எரியாத கரியிலிருந்து வரும் தாரும் வடிகட்டிக்குத் தப்பிய சாம்பலும் வால்வுகளில் படிந்து, சிலிண்டரைத் தேய்த்தன. கார்பன் மோனாக்சைடு மணமற்ற நச்சு. மூடிய கொட்டகையில் உருளையைத் திறப்பது உயிருக்கே ஆபத்து.

இருந்தும் அக்கருவி தன் விலைக்கு முழுத் தகுதி பெற்றது. ஒரு லிட்டர் பெட்ரோல் செய்யும் வேலையை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ கரி செய்தது. உடைமரமும் வேலமரமும் வளரும் தென்மாவட்டக் காடுகளில் கரிக்குக் குறைவில்லை. பாதித் திறனோடு ஓடும் பஸ்ஸா, பஸ்ஸே இல்லையா என்று வந்தபோது பாதித் திறன் பெரிய லாபமே. உலகம் முழுவதும் இதே கணக்குதான் நடந்தது. பிரான்சில் ஜார்ஜ் இம்பெர் 1920களில் உருவாக்கிய மரவாயுக் கலன் ஐரோப்பா எங்கும் பரவியது. போரின் உச்சத்தில் ஜெர்மனி, சுவீடன் முதலிய நாடுகளையும் சேர்த்து ஏறத்தாழ 10 லட்சம் வண்டிகள் கரியிலும் விறகிலும் ஓடின. போர் முடிந்து பெட்ரோல் வரத்து சீரானதும் கலன்கள் கழற்றப்பட்டன. தேவை தீர்ந்ததும் கருவியும் விலகியது.

அடுத்த சிக்கல் புழுதி. ஸ்ரீவைகுண்டத்துக்குத் தெற்கே, திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் இடையில், குதிரைமொழித் தேரி என்னும் செம்மணல் மேடு விரிந்து கிடக்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் வீசும் மேல்காற்று அம்மணலை வாரி இறைக்கும். தேரி மணல் இரும்பு ஆக்சைடு பூசிய குவார்ட்ஸ் துகள். கடினத்தன்மையை அளக்கும் மோ அளவுகோலில் குவார்ட்ஸுக்கு 7. சிலிண்டர் செய்யப்படும் வார்ப்பிரும்பு அதைவிட மென்மையானது. வடிகட்டியைக் கடந்து உள்ளே போகும் ஒவ்வொரு துகளும் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் அரம்போல் அராவும். ரிங் தேய்ந்தால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கும், நீலப் புகை விடும். முடிவில் லேத் பட்டறையில் ரீபோர் செய்தாக வேண்டும்.

அம்பாசிடர் காரிலும் பழைய லாரி, பஸ்களிலும் இருந்த எண்ணெய் வடிகட்டி, அதாவது எண்ணெய்த் தொட்டி கொண்ட காற்று வடிகட்டி, இந்தப் புழுதிக்கு ஏற்றது. உள்ளே வரும் காற்று எண்ணெய்த் தொட்டியின் மேல் மோதித் திரும்பும்போது கனமான மணல் எண்ணெயில் அமிழும். எஞ்சிய தூசி எண்ணெயில் நனைந்த கம்பிவலையில் ஒட்டும். தொட்டியைக் கழற்றி, சேற்றைக் கொட்டி, மண்ணெண்ணெயில் கழுவி, புது ஆயில் ஊற்றினால் மீண்டும் பயன்படும். புதிதாக வாங்க வேண்டிய உறுப்பு எதுவுமில்லை. ஆனால் மிக நுண்ணிய தூசியில் ஒரு பகுதி தப்பிவிடும். 1983இல் மாருதி 800 வந்ததிலிருந்து கார்களில் மடிப்புத் தாள் வடிகட்டி பரவியது. நுண்தூசியைப் பிடிப்பதில் அது மேலானது. விலையும் சில நூறு ரூபாய்தான்.

வடிகட்டியை நீக்கியோ தளர்த்தியோ எஞ்சினுக்குக் கூடுதல் காற்றைக் கொடுக்கும் பழக்கம் பந்தயக் களத்தில் தோன்றியது. சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் தொடங்கப்பட்டது. சோழவரத்துப் பழைய விமான ஓடுபாதையில் அது நடத்திய பந்தயங்கள் புகழ்பெற்றவை. 1990 முதல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் அந்த இடத்தைப் பிடித்தது. பந்தய வண்டி பெரும்பாலும் ஆக்சிலேட்டரை முழுதாக அழுத்தியே ஓடுகிறது. பந்தயம் முடிந்தால் எஞ்சினைப் பிரித்துப் புது ரிங் போடவும் முடியும். அங்கே ஒரு நொடிகூட வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும். அந்தச் சூழலில் திறந்த காற்றுவழிக்குப் பொருள் உண்டு.

சாலையில் ஓடும் கார் வேறு. ஆக்சிலேட்டரைப் பாதி அழுத்தும்போது பெட்ரோல் எஞ்சினில் காற்றைத் தடுப்பது வடிகட்டியன்று, த்ராட்டில் தகடுதான். அது பாதி மூடியிருக்கையில் வடிகட்டியின் தடையைக் குறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் செய்த சோதனை இதை உறுதிப்படுத்தியது. எரிபொருள் உட்செலுத்தும் முறையில் இயங்கும் புதிய கார்களில், அடைத்துப்போன வடிகட்டியை மாற்றியபோதுகூட மைலேஜில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை; முழு வேகமெடுக்கும் திறன்தான் மேம்பட்டது. அடைத்ததை மாற்றியே மைலேஜ் கூடவில்லை என்றால், நல்ல வடிகட்டியை மாற்றி மைலேஜ் தேடுவது வீண்.

குளிர்ந்த காற்று என்ற வாதத்திலும் வலு குறைவு. காற்றின் வெப்பம் 3 டிகிரி ஏறினால் அதன் அடர்த்தி ஏறத்தாழ 1 சதவீதம் குறையும் என்பது உண்மை. ஆனால் கம்பெனிக் காற்றுவழி பெரும்பாலும் பானெட்டுக்கு வெளியிலிருந்தே காற்றை எடுக்கிறது. அதைக் கழற்றிவிட்டுப் பானெட்டுக்குள் திறந்த கூம்பு வடிகட்டியை வைத்தால், ரேடியேட்டரின் சூடான காற்றைத்தான் எஞ்சின் இழுக்கும். சத்தத்தை அடக்கும் பெட்டியும் போய்விடுவதால் உறுமல் கூடும். காதுக்கு அது வேகமாகப் படும். எண்ணெய் பூசிய பஞ்சு வடிகட்டியில் எண்ணெய் மிகுந்தால் காற்றளவு சென்சாரில் படிந்து கோளாறு தரும். குறைந்தால் தேரிப் புழுதி உள்ளே போகும்.

பம்பருக்கு அருகே தாழ்வாகப் பொருத்தப்படும் இன்டேக்குக்கு வெள்ளமும் பகை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. ஸ்ரீவைகுண்டம் துண்டிக்கப்பட்டு, செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயில் அங்கேயே பயணிகளோடு நின்றது. நீரைக் காற்றைப்போல் அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் நீர் புகுந்தால் கனெக்டிங் ராடு வளைந்து எஞ்சின் பாழாகும்.

சட்டத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பாளர் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ விதிக்க இடம் தருகிறது.

கரி பஸ்ஸின் கலன் திறனைப் பாதியாக்கியும் விலைக்குத் தகுந்தது; காரணம், அது இல்லாமல் வண்டியே ஓடாது. எண்ணெய் வடிகட்டியும் தாள் வடிகட்டியும் தகுந்தவை. அவை எஞ்சினின் ஆயுளைக் காக்கின்றன. பல ஆயிரம் ரூபாய் இன்டேக் பந்தயத் தடத்தில் தகும். அன்றாடச் சாலைக்குத் தகாது. தாமிரபரணிக் கரையில் கார் வைத்திருப்பவர் அந்தப் பணத்தில் சிறு பங்கைக் கொண்டு கம்பெனித் தாள் வடிகட்டியை வாங்கி, தேரிக் காற்று ஓய்ந்ததும் ஆண்டுதோறும் மாற்றினாலே போதும்.