சாப்பாட்டுக் கடைக்கு ஜாமீன் யாரு?

நான் நாயுடுபுரத்தில் இருக்கும் குடும்பத் தலைவி, பத்தாவது வரை படிச்சவள். நம்ம பெண்கள் நடத்தும் சின்னச் சின்ன சாப்பாட்டுக் கடைகளுக்குக் கடன் கிடைத்து வந்த வரலாற்றை எனக்குத் தெரிஞ்ச மட்டும் எழுதுகிறேன்.

கொடைக்கானலில் இட்லிக் கடை, டீக்கடை, சோளம் சுடும் தள்ளுவண்டி எதுவானாலும் ஏப்ரல், மே சீசன்தான் சோறு போடும். அதுக்கு முன்னாடி அரிசி, எண்ணெய், கேஸ் வாங்க முதல் வேணும். சொத்துப் பத்திரம் இல்லாதவங்களுக்கு இருந்தது ரெண்டே வழி: நகை அடகு, இல்லைன்னா தண்டல். 10,000 என்று எழுதி 9,000 கையில் தருவாங்க. தினம் 100 ரூபாயா 100 நாள் கட்டணும். மழையில் கடை திறக்காட்டியும் வசூலுக்கு ஆள் வந்துரும்.

1969 ஜூலை 19-ல் 14 பெரிய வங்கிகள் அரசுடைமை ஆச்சு. சிறு தொழிலுக்கும் கடன் என்ற பேச்சு பெருகிச்சு. ஆனாலும் "ஜாமீன் யாரு?" என்ற கேள்வி நின்னுச்சு. அதுக்குப் பதில் சொன்னது நம்ம குழுக்கள்தான். 1983-ல் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் வந்தது. 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் குழுக்கள் தொடங்கின. 1992-ல் நபார்டு குழுக்களை வங்கியோடு இணைச்சது. 1997-க்குப் பிறகு மகளிர் திட்டம் மாநிலம் முழுக்கப் பரவிச்சு. நகை இருந்த இடத்தில் குழுச் சேமிப்பும் தீர்மான நோட்டும் வந்தன.

அடுத்து அரசே ஜாமீன் நின்னது. 2000-ல் சிறு தொழில் கடன்களுக்கு உத்தரவாத நிதியம் அமைச்சாங்க. 2015 ஏப்ரலில் முத்ரா திட்டம் வந்தது. அதில் 'சிசு' பிரிவில் 50,000 ரூபாய் வரை சொத்து ஜாமீன் இல்லாமல் வாங்கலாம்.

பெரிய சோதனை 2020-ல் வந்தது. மார்ச் 25-ல் ஊரடங்கு, சீசனே போச்சு. அந்த மே மாசம் அரசு முழு உத்தரவாதத்தோடு அவசரக் கடன் அறிவிச்சது. 2021 மார்ச்சில் ஓட்டல், சுற்றுலாத் தொழிலுக்கும் அதை விரிவாக்கி, 2020 பிப்ரவரி 29-ல் இருந்த கடன் பாக்கியில் 40 சதவீதம் வரை தந்தாங்க. ஆனா ஏற்கனவே வங்கிக் கடன் வச்சிருந்தவங்களுக்குத்தான் அது. தண்டலில் ஓடின கடைக்கு எந்த வங்கியிலும் பேரே இல்லையே!

தள்ளுவண்டிக்காரங்களுக்கு 2020 ஜூனில் பிரதமர் ஸ்வநிதி வந்தது. 2025 வரைக்கும் முதலில் 10,000, ஒழுங்கா அடைச்சா 20,000, பிறகு 50,000 என்று இருந்தது. வங்கி 12 சதவீத வட்டி போட்டாலும், மாசத் தவணையில் 10,000-க்கு வருஷ வட்டி ஏறத்தாழ 660 ரூபாய்தான். தவணை தவறாதவங்களுக்கு 7 சதவீத வட்டி மானியமும் உண்டு. தண்டலிலோ 100 நாளிலேயே 1,000 போயிடும்.

ஒண்ணு மறந்துடாதீங்க. அரசு உத்தரவாதம் வங்கியோட நஷ்டத்துக்குத்தான். நம்ம கடன் அதனால் தள்ளுபடி ஆகாது. தேவைக்கு மேல் வாங்க வேண்டாம். தினக் கணக்கு எழுதி வைங்க.

கூட்டமைப்புக்கு ஒரு கோரிக்கை. மே மாசம் கூடுதலாவும் மழை மாசங்களில் குறைவாவும் தவணை வைக்கச் சொல்லி வங்கிகளிடம் பேசணும். மலையில் கடை வச்சிருக்கிற பெண்கள் தண்டல் பக்கம் திரும்பாம இருக்க அது பெரிய உதவியா இருக்கும்.