செம்பியம் டிராக்டரும் இரவல் எடையும்

பரம்படிக்கும்போது பலகையின் மீது ஓர் ஆள் ஏறி நிற்பதை நம்மில் மூத்தவர்கள் பார்த்திருப்பார்கள். மண்கட்டி உடைய எடை வேண்டும். வேலை முடிந்ததும் ஆள் இறங்கிவிடுவார். மாடுகள் வெறும் பலகையை இழுத்துக்கொண்டு போகும். வேண்டும்போது மட்டும் பாரம் என்கிற இந்த எளிய அறிவை டிராக்டர் தட்டுத்தடுமாறித்தான் கற்றது. அந்தக் கதையில் வடசென்னைக்கும் ஓர் இடம் உண்டு.

1917-இல் ஃபோர்ட்சன் டிராக்டர் வந்தது. விலை குறைவு, ஆனால் ஆளைக் கொல்லும் வண்டி என்று பெயரெடுத்தது. பின்னால் கொக்கியில் மாட்டிய கலப்பை பாறையிலோ வேரிலோ சிக்கிக்கொண்டால் சக்கரம் நிற்காது. முன்பக்கம் மேலெழுந்து வண்டி ஓட்டுநரின் மீதே மல்லாந்து கவிழும். முன்னால் இரும்பை அடுக்குவது ஒரு வழி. அயர்லாந்துக்காரரான ஹாரி ஃபெர்குசன் வேறு வழி தேடினார். கலப்பையை மூன்று புள்ளிகளில் வண்டியோடு பிணைத்து, நீரழுத்த விசையால் தூக்கவும் தாழ்த்தவும் செய்தார். இப்போது மண் கலப்பையைப் பின்னுக்கு இழுக்கும் விசையே பின்சக்கரங்களைத் தரையோடு அழுத்தியது. மேல்தண்டு முன்பக்கத்தை எழவிடாமல் பிடித்துக்கொண்டது. எடையை வண்டி மண்ணிடமே இரவல் வாங்கியது என்று சொல்லலாம். 1946-இல் கவென்ட்ரியில் உற்பத்தியான அவருடைய டிஈ 20 டிராக்டரின் எடை சுமார் 1,100 கிலோதான். பத்தே ஆண்டுகளில் ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்றது.

1953-இல் ஃபெர்குசனின் நிறுவனம் கனடாவின் மாஸ்ஸி ஹாரிஸுடன் இணைந்தது. 1960-இல், எஸ். அனந்தராமகிருஷ்ணனின் அமால்கமேஷன்ஸ் குழுமம் மாஸ்ஸி ஃபெர்குசனுடன் கூட்டுச் சேர்ந்து டாஃபே நிறுவனத்தைத் தொடங்க, அந்த மரபு செம்பியத்துக்கு வந்தது. 1840-இல் குதிரை வண்டி கட்டத் தொடங்கிய சிம்ப்சன், இந்த உழுபொறிக்கு எஞ்சின் செய்து கொடுத்தது. (வடசென்னையின் தொழில் வரலாறு என்றால் பின்னி ஆலையோடு நிறுத்திக்கொள்ளும் வழக்கம் நமக்கு.)

ஆனால் இரவல் எடை கலப்பை மண்ணில் இருக்கும்வரைதான். செங்கலோ கரும்போ ஏற்றிய டிரெய்லரை மாட்டினால் அந்த உதவி இல்லை. மேட்டில் ஏறும்போது பழைய ஃபோர்ட்சன் ஆபத்து திரும்பிவிடும். எனவே முன்பக்கம் வார்ப்பிரும்புப் பாளங்கள், பின்சக்கரத்தில் இரும்பு வட்டுகள், டயருக்குள் முக்கால் அளவுக்குத் தண்ணீர். ஓட்டுநர்கள் எல்லாவற்றையும் 'வெயிட்' என்றே சொல்வார்கள். எண்ணூரில் நிலக்கரியை இறக்கிய கப்பல் கடல்நீரை நிரப்பிக்கொண்டு புறப்படுவதும் இதே தேவைக்குத்தான். ஒரு வேறுபாடு: அடுத்த துறையில் சரக்கு ஏற்றும்போது கப்பல் அந்த நீரை வெளியேற்றிவிடும்.

டிராக்டரில் அது நடப்பது அரிது. கெட்டியான நிலத்தில் உழும்போது சக்கரம் நூற்றுக்குப் பத்து, பதினைந்து பங்கு வழுக்குவது சரியான அளவு. அதற்கு மேல் வழுக்கினால் டீசல் வீண், எடை கூட்ட வேண்டும். வழுக்கலே இல்லையென்றால் எடை மிகுதி என்று பொருள். சேற்றுழவுக்கு அந்த எடையே பகை. கேஜ் வீல் மாட்டி, பாளங்களைக் கழற்றி, வண்டியை இயன்றவரை இலேசாக இறக்க வேண்டும். டயரின் காற்றழுத்தம் மேல்மண்ணை இறுக்கும். அச்சின் மீதுள்ள மொத்த எடையோ அடிமண்வரை இறங்கி இறுக்கும். நெல்லுக்கு நீர் நிற்க ஓரளவு இறுக்கம் நல்லதுதான். ஆனால் காவிரிப் படுகையில் நெல் அறுத்த தாளடியில் விளைய வேண்டிய உளுந்தின் வேர் அந்தத் தட்டைத் துளைக்கத் திணறும்.

இது ஓட்டுநருக்குத் தெரியாததல்ல. நம் சிறு விவசாயிகளில் பெரும்பாலோர் டிராக்டரை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பவர்கள். காலையில் செங்கல் இழுத்த வண்டி மாலையில் வயலில் இறங்கும். இடையில் பாளத்தைக் கழற்றி, டயரிலிருந்து நூறு லிட்டருக்கும் மேலான தண்ணீரை வடிக்கும் நேரத்துக்கு யார் கூலி கொடுப்பது? வண்டிக்காரருக்கு அது இழப்பு. கழற்றாமல் விட்டால் வரும் இழப்பு நிலத்துக்காரருக்கு. அதுவும் உளுந்து முளைத்த பிறகுதான் கண்ணில் படும். வாடகை பேசும்போது மணிக்கு எவ்வளவு என்று கேட்கிறோம். முன்னால் தொங்கும் இரும்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை.