எட்டாம் நாளும் புறவினத்தார் இல்லமும்

ஆவடியில் 1961-இல் கனரக வாகனத் தொழிற்சாலை தோன்றியதும், அம்பத்தூரில் தொழிற்பேட்டை வளர்ந்ததும், பல மாவட்டத்தாரையும் பல சமயத்தாரையும் ஒரே தெருவில் குடியமர்த்தின. பூவிருந்தவல்லியிலோ 1653-இல் கோல்கொண்டா ஆட்சியில் எழுந்த மசூதி, இஸ்லாமியர் வாழ்வு அங்கே எத்துணைப் பழமையானது என்பதற்குச் சான்றாயிருக்கிறது. இத்தகைய ஊர்களில் இளம் பெற்றோர் தம் ஆயரிடம் தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்பதுண்டு: "ஐயா, ஆண்டவரே எட்டாம் நாளில் விருத்தசேதனம் பெற்றாரே, எங்கள் மகனுக்கும் செய்யவேண்டாமா?" அண்டை வீட்டில் சுன்னத்துக் கலியாணம் நடந்திருக்கும், அல்லது அமெரிக்காவிலிருக்கும் உறவினர், உடல்நலத்திற்கு நல்லது என்று சொல்லியிருப்பார். இக்கேள்வியை நகைத்துத் தள்ளுவது நமக்கு அழகன்று.

விருத்தசேதனத்தை வெறும் புறச்சடங்கென்று நம் பிரசங்க பீடங்களில் எளிதாகப் பேசிவிடுகிறோம். யூதருக்கு அது அவ்வாறு இருந்ததில்லை. கி.மு. 167-இல் நான்காம் அந்தியோகு அதைத் தடைசெய்தபோது, தடையை மீறிய தாய்மார் தம் சிசுக்களோடு கொல்லப்பட்டதை மக்கபேயர் முதல் நூல் கூறுகிறது. இவ்வளவு விலை கொடுத்துக் காத்த அடையாளத்தைப் புறவினத்தார்மேல் சுமத்தலாகாது என்று ஏறத்தாழ கி.பி. 49-இல் எருசலேமில் கூடிய சங்கம் முடிவுசெய்தது. அம்முடிவின் கனம் அப்பொழுதுதான் நமக்கு விளங்கும். யூதத் தாயின் மகனான திமோத்தேயுவுக்குப் பவுலடியார் விருத்தசேதனம் செய்வித்தார். கிரேக்கனாகிய தீத்துவுக்கோ அதை வற்புறுத்த இடங்கொடுக்கவில்லை. சமுதாய வழக்கமாக அதை ஏற்றார். மீட்பின் நிபந்தனையாக மறுத்தார்.

யூதப் போதகரும் இதில் கண்மூடிகளாய் இருந்தவரல்லர். இரு புதல்வர் இச்சடங்கினால் இறந்திருந்தால், மூன்றாம் மகனுக்கு அதைச் செய்யலாகாது என்னும் விதி தல்மூதில் உண்டு. சகோதரிகளின் பிள்ளைகள் அவ்வாறு இறந்ததையும் அது கருத்திற்கொள்கிறது. இரத்தம் உறையாமை நோய் தாய்வழியில் வருவதைப் பெயரறியாமலே அவர்கள் கண்டிருந்தனர்.

நமக்கு மிக நெருங்கிய சான்று எத்தியோப்பியாவிலிருந்து வருகிறது. அந்நாட்டுக் கிறிஸ்தவர் இன்றும் தம் ஆண்மக்களுக்கு விருத்தசேதனம் செய்கின்றனர். 1442-இல் புளோரன்ஸ் சங்கத்தில் உரோமைத் திருச்சபை இவ்வழக்கத்தைக் கிறிஸ்தவர்க்கு விலக்கியிருந்தது; பின்னர் போர்த்துக்கீசியக் குருமார் எத்தியோப்பியரை யூத மதத்தினர் என்று குற்றஞ்சாட்டினர். 1555-இல் அரசர் கிலாவ்தேயோசு தம் விசுவாச அறிக்கையில் மறுமொழி கூறினார்: இது மோசேயின் நியாயப்பிரமாணத்திற்காகச் செய்வதன்று, நாட்டு வழக்கம் மட்டுமே, நூபியாவில் முகத்தில் கீறிக்கொள்வதையும் இந்தியர் காது குத்திக்கொள்வதையும் போன்றது என்பது அதன் கருத்து. நம் வீட்டுக் காதுகுத்து ஓர் ஆப்பிரிக்க அரசரின் இறையியல் வாதத்தில் இடம்பெற்றிருப்பதை நம் மாணவர் எத்தனைபேர் அறிவர்!

இதே கேள்வி தமிழ்த் திருச்சபையில் தலைகீழாக எழுந்ததும் உண்டு. அடையாளம் ஒன்றைச் சேர்க்கவேண்டும் என்பது எருசலேமின் வாதம். இருப்பதை அகற்றவேண்டும் என்பது சில மிஷனரிமாரின் வாதம். திருமுழுக்குப் பெற்றவன் குடுமி வைத்திருக்கலாமா? 1867-இல் கால்டுவெல் குடுமியைக் குறித்துத் தனியே ஒரு சிறு நூல் எழுதி, அது சமயச் சின்னமன்று, நாட்டு வழக்கமே என்று வாதிட்டார். சாதியை எதிர்ப்பதில் உறுதியாய் நின்ற அவரே இதில் விட்டுக்கொடுத்தார் என்பது சிந்திக்கத்தக்கது.

இஸ்லாமிய அயலாரைப் பற்றியும் ஒரு சொல். அவர்களுள்ளும் ஷாபி மரபு இதைக் கட்டாயக் கடமையென்றும், ஹனபி மரபு நபிவழியென்றும் கொள்ளும். 'சுன்னத்து' என்பதற்கே வழிமுறை என்றுதான் பொருள்.

மருத்துவக் காரணத்தை மருத்துவரிடமே விட்டுவிடலாம். எனினும் ஆயர் அறியவேண்டியது சிறிது உண்டு. சிசுக்களின் முன்தோல் ஒட்டியிருப்பது பெரும்பாலும் நோயன்று, இயல்பே என்று டக்ளஸ் கெய்ர்ட்னர் 1949-இல் பிரித்தானிய மருத்துவ இதழில் விளக்கினார். இச்சிகிச்சையால் இங்கிலாந்திலும் வேல்சிலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 16 குழந்தைகள் இறந்ததையும் அவர் காட்டினார். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2012-இல், நன்மை தீமையினும் மிகுதி என்றபோதிலும், எல்லாச் சிசுக்களுக்கும் செய்யுமாறு பரிந்துரைக்காமல் பெற்றோரிடமே விட்டது. 2007-இல் உலக சுகாதார நிறுவனம் கூறிய ஆலோசனை எச்.ஐ.வி. தொற்று மிகுந்த நாடுகளை நோக்கியது.

ஆகவே ஆவடியிலோ அம்பத்தூரிலோ வந்து கேட்கும் தாய்தந்தையருக்கு, உங்கள் மகன் ஆண்டவருடையவனாவதற்கு இது வேண்டியதில்லை என்று தெளிவாகச் சொல்லலாம். மருத்துவர் தேவையென்று கூறினால், அதைப் பாவமென்று எண்ணவும் வேண்டியதில்லை. அப்பொழுது அன்னையின் பிறந்தகத்தில் யாருக்கேனும் இரத்தம் நில்லாமற் பெருகியதுண்டா என்று கேட்டு, உண்டென்றால் அதை மருத்துவரிடம் முன்னரே தெரிவிக்கச் சொல்லவேண்டும்.