காரில் எண்ணெய் கசிகிறதா? கழற்றுவதற்கு முன் இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி

காலையில் காரை எடுத்த பிறகு, அது நின்றிருந்த இடத்தில் கறுப்புச் சொட்டுகள் தெரிந்தால், பலருக்கும் முதலில் வருவது செலவைப் பற்றிய பயம்தான். புரோட்டோன் வீரா, சாகா, பெரோடுவா கஞ்சில் போன்ற பழைய கார்களை இன்னும் வேலைக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் ஓட்டிக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்கு இந்தப் பயம் நியாயமானதே. ஆனால் இத்தகைய கசிவுகளில் பல, சில ரிங்கிட் விலையுள்ள ஒரு ரப்பர் வளையத்தாலோ கேஸ்கெட்டாலோ வருபவை. எண்ணெய் சொட்டும் இடம் ஒன்று, கசியும் இடம் வேறொன்று என்பதை மறந்துவிடும்போதுதான் செலவு பெருகுகிறது.

1993இல் அறிமுகமான வீரா இதற்கு நல்ல உதாரணம். அதன் 1.3, 1.5 வகைகளில் உள்ள மிட்சுபிஷி 4ஜி13, 4ஜி15 என்ஜின்களில் டிஸ்ட்ரிபியூட்டர், கேம் தண்டின் முனையில் கியர் பெட்டி இருக்கும் பக்கம் பொருத்தப்பட்டிருக்கும். அதன் ரப்பர் வளையம் வெப்பத்தில் இறுகிப்போனால் எண்ணெய் மெல்லக் கசிந்து, கீழே இறங்கி, என்ஜினும் கியர் பெட்டியும் சேரும் இடத்தில் சொட்டும். அடியில் இருந்து பார்ப்பவருக்கு அது கிராங்க் தண்டின் பின் ஆயில் சீல் கிழிந்தது போலவே தோன்றும். அந்த சீலை மாற்ற கியர் பெட்டியையே இறக்க வேண்டும். கூலி பல நூறு ரிங்கிட்டாகும். மேலே இருக்கும் சிறு வளையத்தைப் பார்க்காமல் இந்த வேலையைச் செய்தால் பணமும் போகும், கசிவும் நிற்காது.

சொட்டுவது என்ன?

ஓர் அட்டையை இரவு முழுக்க என்ஜினுக்கு அடியில் விரித்து வைத்தால் நிறமும் இடமும் தெரியும். பழுப்பு அல்லது கறுப்பு நிறத்தில் பிசுபிசுப்பாக இருந்தால் என்ஜின் எண்ணெய். சிவப்பாக இருந்தால் பெரும்பாலும் ஆட்டோ கியர் அல்லது பவர் ஸ்டீயரிங் எண்ணெய். பச்சை அல்லது இளஞ்சிவப்பு நீர், ரேடியேட்டர் கூலண்ட். நிறமற்ற சுத்தமான தண்ணீர் ஏர்கோனிலிருந்து வருவது. அதற்கு எந்தப் பழுதும் தேவையில்லை. சக்கரத்தின் அருகே எண்ணெய் போன்ற ஈரம் இருந்தால் அது பிரேக் எண்ணெயாக இருக்கலாம். அந்தக் காரை ஓட்டக் கூடாது.

அடுத்து டிப்ஸ்டிக். கார் சமதளத்தில் நின்று, என்ஜின் அணைத்துச் சில நிமிடங்கள் கழித்துப் பார்க்க வேண்டும். சிறிய கார்களில் இரண்டு குறிகளுக்கும் இடையே உள்ள அளவு ஏறக்குறைய 1 லிட்டர். கீழ்க் குறிக்கு இறங்கியிருந்தால் முதலில் எண்ணெய் ஊற்றிவிட்டுத்தான் மற்ற வேலை. ஓடும்போது எண்ணெய் விளக்கு எரிந்தால், வீடு பக்கத்தில்தானே என்று ஓட்டாமல் உடனே ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைக்க வேண்டும்.

இடத்தைக் கண்டுபிடிக்கும் முறை

பல ஆண்டு அழுக்கும் எண்ணெயும் படிந்த என்ஜினில் புதிய கசிவைக் காண முடியாது. என்ஜின் ஆறிய பிறகு, கடையில் கிடைக்கும் டிகிரீசரைத் தெளித்து, பழைய பிரஷ்ஷால் தேய்த்துத் துடைக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர், ஆல்டர்னேட்டர் ஆகியவற்றில் தண்ணீர் பீய்ச்சக் கூடாது.

நன்றாகக் காய்ந்ததும், சந்தேகமான இடங்களில் குழந்தைகளுக்குப் போடும் பவுடரை மெல்லத் தூவ வேண்டும். பிறகு 10 முதல் 15 நிமிடம் என்ஜினை ஓட விட்டு, அணைத்துவிட்டு, டார்ச் லைட்டுடன் மேலிருந்து கீழாகப் பார்க்க வேண்டும். வெள்ளைப் பவுடரில் எண்ணெய் கோடாகத் தெரியும். எண்ணெய் கீழே இறங்கும். ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். ஆகவே ஈரமான இடங்களில் மிக உயரமாகவும் மிக முன்னாலும் இருப்பதே பெரும்பாலும் கசிவின் தொடக்கம். கை நுழையாத இடத்தில் கைப்பேசியை நீட்டிப் படம் எடுத்துப் பார்க்கலாம்.

மேலிருந்து பார்க்க வேண்டிய வரிசை இது: எண்ணெய் ஊற்றும் மூடி, வால்வு கவரின் ஓரங்கள், டிஸ்ட்ரிபியூட்டரின் அடி, எண்ணெய் அழுத்த சுவிட்ச், ஆயில் ஃபில்டர், ஆயில் பேன், டிரெய்ன் பிளக். மைவி போல ஸ்பார்க் பிளக் வால்வு கவரின் நடுவே குழியில் அமைந்த என்ஜின்களில், கசிவு வெளியே தெரியாமல் குழிக்குள் தேங்கி என்ஜினைத் திணற வைக்கலாம்.

எண்ணெய் மாற்றிய அடுத்த நாளே கசிவு தொடங்கினால் முதல் சந்தேகம் ஃபில்டர் மீதுதான். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டியிருக்க, அதன் மேல் புதியதைப் பூட்டினால் எண்ணெய் பீய்ச்சி அடிக்கும்.

வீட்டில் செய்யக்கூடியவை

வால்வு கவர் கேஸ்கெட்: இங்கே கசியும் எண்ணெய் சூடான எக்ஸோஸ்ட் மீது விழுந்தால் கருகும் வாடை வரும், தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. குழாய்களையும் வயர்களையும் கழற்றுமுன் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். கவரைத் தூக்கி, பழைய கேஸ்கெட்டை எடுத்து, பள்ளத்தையும் என்ஜின் முகத்தையும் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்துப் புதியதைப் பொருத்த வேண்டும். சிலிகான் பசையை மூலைகளில் மட்டும் சிறிது வைத்தால் போதும். சுற்றிலும் அப்பினால் அது துண்டு துண்டாக உள்ளே விழுந்து எண்ணெய் உறிஞ்சும் வலையை அடைத்துவிடும். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே, கொஞ்சம் கொஞ்சமாக, லேசாக இறுக்க வேண்டும். கசிகிறதே என்று பலமாக இறுக்கினால் கேஸ்கெட் பிதுங்கி மேலும் கசியும்.

டிரெய்ன் பிளக்: ஒவ்வொரு முறை எண்ணெய் மாற்றும்போதும் புதிய வாஷர் போட வேண்டும்.

பிசிவி வால்வு: இதை மறந்துவிடுபவர்கள் அதிகம். என்ஜினுக்குள் சேரும் அழுத்தத்தை வெளியேற்றுவது இதுதான். இது அடைத்துக்கொண்டால் அழுத்தம் கேஸ்கெட் வழியே எண்ணெயைத் தள்ளும். கழற்றிக் குலுக்கினால் 'கடகட' என்று கேட்க வேண்டும். சத்தம் இல்லையென்றால் இதை மாற்றாமல் கேஸ்கெட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை.

பட்டறைக்கு விட வேண்டியவை

கேம், கிராங்க் தண்டுகளின் முன் ஆயில் சீல், பின் ஆயில் சீல், தலை கேஸ்கெட் ஆகியவை வீட்டு வேலை அல்ல. டைமிங் பெல்ட் உள்ள என்ஜினில் முன் சீலை மாற்றும்போது, பெல்ட்டின் காலமும் நெருங்கியிருந்தால் அதையும் சேர்த்து மாற்றினால் ஒரு கூலி மிச்சம். எந்தப் பட்டறையாக இருந்தாலும், 'எந்த இடத்திலிருந்து கசிகிறது, காட்டுங்கள்' என்று கேட்பதில் தவறில்லை.

காருக்கு அடியில் போக வேண்டியிருந்தால் ஜாக்கை மட்டும் நம்பக் கூடாது. கெட்டியான சிமெண்டுத் தரையில், பின் சக்கரங்களுக்குத் தடை வைத்து, ஸ்டாண்டு போட்ட பிறகே நுழைய வேண்டும். தோட்ட வீடுகளின் செம்மண் தரையில், அதுவும் மழை பெய்த பிறகு, ஜாக் மண்ணில் இறங்கிச் சாய்ந்துவிடும்.

பழைய எண்ணெயைக் கால்வாயிலோ மரத்தடியிலோ ஊற்றக் கூடாது. மலேசியச் சுற்றுச்சூழல் விதிகளில் பயன்படுத்திய மசகு எண்ணெய் 'எஸ்டபிள்யூ 305' என்ற குறியீட்டின் கீழ் அட்டவணைக் கழிவாக உள்ளது. மூடியுள்ள புட்டியில் சேர்த்து, பழைய எண்ணெய் வாங்கிக்கொள்ளும் பட்டறையில் கொடுக்கலாம்.

பழுது பார்த்த ஒரு வாரம் கழித்து அதே அட்டையை மீண்டும் ஓர் இரவு விரித்துப் பார்க்க வேண்டும். அட்டை காய்ந்திருந்தால் வேலை முடிந்தது. புதிய சொட்டு விழுந்திருந்தால், அடுத்த உயரமான ஈரத்தைத் தேட வேண்டும்.