வாளி சுமந்த தோள்கள்



வரலாறு என்றதும் அரசர்கள், போர்கள், கோட்டைகள் என்றுதான் நம் எண்ணம் ஓடும். வீட்டில் வாய்விட்டுப் பேசத் தயங்கும் ஒரு பொருளுக்கும் வரலாறு உண்டு. மனிதன் தன் கழிவை எங்கே கொண்டுபோய்ப் போட்டான் என்பதுதான் அந்த வரலாறு. யாரும் முகம் சுளிக்க வேண்டாம். நம் பாட்டன் பாட்டிமார் ஏன் சோகை பிடித்து வெளுத்துப் போனார்கள், லயத்துக் குழந்தைகள் ஏன் வயிறு உப்பிக் கைகால் மெலிந்து நின்றார்கள் என்ற கேள்விகளுக்கு விடையில் பெரும்பங்கு இதில்தான் இருக்கிறது. அந்தக் கழிவைத் தோளில் சுமந்து நகரத்தைக் காத்தவர்களின் கதையும் இதில் அடங்கும்.

முதலில் கோலாலம்பூருக்குப் போவோம். 1857ஆம் ஆண்டில் ஈயம் தேடி வந்தவர்கள், கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடத்தில் கரையிறங்கினர். அங்கே எழுந்த குடிசைகளுக்கு ஆறுதான் எல்லாம். படகு வருவது ஆற்றில், குளிப்பது ஆற்றில், கழிவு போவதும் ஆற்றில். பத்து வீடு இருந்தால் ஆறு தாங்கும். ஆயிரம் வீடு வந்தால் தாங்குமா?

1880இல் சிலாங்கூரின் தலைநகர் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது. 1881இல் முதலில் தீயும் பிறகு வெள்ளமும் ஊரை அழித்தன. அதன்பின் ஓலையும் பலகையும் போய்ச் செங்கல் கட்டடங்கள் எழுந்தன. செங்கல் சுட்ட சூளைகளின் நினைவைப் பிரிக்பீல்ட்ஸ் இன்றும் தன் பெயரில் தாங்கி நிற்கிறது. கட்டடம் பெருகியது; மக்கள் பெருகினர்; கழிவும் பெருகியது. 1890இல் நகரத்துக்கென்று ஒரு சுகாதார வாரியம் அமைக்கப்பட்டது. இன்றைய மாநகராட்சியின் மூதாதை அதுதான். ஒரு நகரத்தை ஆள்வது என்றால் முதலில் அதன் குப்பையையும் கழிவையும் அகற்றுவது என்பது அந்தப் பெயரிலேயே தெரிகிறதல்லவா?

மலாயா, சிங்கப்பூர் நகரங்களில் அன்று கையாண்ட முறை வாளி முறை. கக்கூசின் மேடைக்குக் கீழே ஒரு வாளி. பின்சுவரில் ஒரு சிறு கதவு. ஊர் உறங்கும் நேரத்தில் தொழிலாளி பின்சந்து வழியே வருவார். கதவைத் திறந்து நிறைந்த வாளியை எடுத்துக்கொண்டு வெறும் வாளியை வைத்துவிட்டுப் போவார். தோளில் காவடி போல ஒரு தடி. அதன் இரு முனையிலும் வாளிகள். பிற்காலத்தில் அவற்றை ஏற்றிச் செல்ல வண்டிகளும் லாரிகளும் வந்தன. ஆங்கிலேயர் இந்தச் சுமைக்கு ‘இரவு மண்’ என்று நாகரிகமாகப் பெயர் வைத்தார்கள். கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் பழைய கடைவீடுகளின் பின்னால் குறுகலான சந்துகளைப் பார்த்திருப்பீர்கள். தீ பரவாமல் தடுக்கவும், இந்தக் கழிவை வாசல் வழியே கொண்டுபோகாமல் அகற்றவும் பயன்பட்ட வழிகள் அவை.

அந்த வேலையைச் செய்தவர்களில் சீனரும் உண்டு; தமிழரும் உண்டு. நகரத் துப்புரவுப் பணியில் தமிழர் பெருந்தொகையாக இருந்தனர். அவர்கள் ஒருநாள் வராவிட்டால் நகரம் நாறும். ஒரு வாரம் வராவிட்டால் நகரத்தில் நோய் பரவும். ஆனாலும் அவர்களைத் ‘தோட்டி’ என்று இகழ்ந்து தள்ளி நிறுத்தியது சமூகம். ஊரின் அழுக்கைச் சுமந்தவரையே அழுக்கானவர் என்று சொன்ன அநியாயம் அது.

வாளி முறையில் குறைகளும் இருந்தன. வாளி வழியில் சிந்தும். ஈ மொய்க்கும். சுமப்பவர் கையிலும் காலிலும் கிருமி ஒட்டும். அந்நாளில் காய்கறித் தோட்டங்களுக்கு இந்தக் கழிவை உரமாக இடுவதும் உண்டு. நன்கு மக்காத கழிவை இட்டால் வயிற்றுப் புழுவின் முட்டை கீரையோடு சமையலறைக்கே திரும்பி வரும். ஆனாலும் வாளி முறை ஒரு பெரிய உண்மையை உணர்த்தியது. கழிவு இருந்த இடத்திலேயே கிடக்கக் கூடாது. யாராவது பொறுப்பேற்று அகற்ற வேண்டும் என்பதே அந்த உண்மை.

இனி நகரத்தை விட்டு ரப்பர் தோட்டத்துக்கு வருவோம். அங்கே பல இடங்களில் வாளியும் இல்லை, சந்தும் இல்லை. லயத்துக்குப் பின்னால் காடு, பள்ளம், ஓடை. தோட்டத்தில் நோய் என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது மலேரியாக் காய்ச்சல். 1901இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன், சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்துக் கிள்ளானையும், இன்று போர்ட் கிள்ளான் எனப்படும் அன்றைய போர்ட் சுவெட்டன்ஹாமையும் காப்பாற்றினார். அது கொசுவின் கதை. கொசுவுக்குக் கூட்டாளியாக மண்ணுக்குள் இன்னொரு பகைவன் இருந்தான். அவன் பெயர் கொக்கிப்புழு.

இந்தப் புழு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளம். சிறுகுடலைக் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கும். அதன் முட்டைகள் மலத்தோடு வெளியே வரும். ஈரமும் நிழலும் வெப்பமும் உள்ள மண்ணில் ஓரிரு நாளில் முட்டை பொரியும். சில நாளில் கண்ணுக்குத் தெரியாத இளம்புழு, வெறுங்கால் எப்போது வரும் என்று காத்திருக்கும். தோலைத் துளைத்து உள்ளே நுழைந்து, இரத்தத்தின் வழியே நுரையீரலுக்கும், அங்கிருந்து தொண்டைக்கும், பிறகு குடலுக்கும் போய்ச் சேரும். புழு தோல் வழியே நுழைகிறது என்பதை 1898இல் எகிப்தில் பணியாற்றிய லூஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் தற்செயலாகக் கண்டறிந்தார். இளம்புழுக்கள் நிறைந்த நீர் அவர் கையில் சிந்தியது. கை அரித்தது. சில வாரங்களில் அவர் மலத்திலேயே முட்டைகள் தென்பட்டன!

சற்று எண்ணிப் பாருங்கள். விடியுமுன் எழுந்து, பிரட்டுக்குப் போய், பனி ஈரம் காயாத நிழலில், வெறுங்காலோடு மரம் வெட்டியவர்கள் நம் மக்கள். கொக்கிப்புழு விரும்பும் மண், விரும்பும் நிழல், விரும்பும் கால், மூன்றும் ஓரிடத்தில் கூடியிருந்தன.

மலாயாவில் அதிகம் காணப்பட்ட வகையில் ஒரு புழு நாளொன்றுக்குக் குடிப்பது சுமார் 0.03 மில்லிலிட்டர் இரத்தம். ஒரு துளிகூட இல்லை. ஆனால் ஒருவர் வயிற்றில் 300 புழுக்கள் இருந்தால்? நாளுக்கு 9 மில்லிலிட்டர். மாதத்துக்கு 270 மில்லிலிட்டர். பெரிய கோப்பை நிறைய இரத்தம் மாதந்தோறும் போகிறது! சோறும் கருவாடும் உண்டு மாடாய் உழைத்த உடம்பு அதை எப்படி ஈடு செய்யும்? முகம் வெளுக்கும், மூச்சு வாங்கும், கால் வீங்கும், நடை தளரும். இப்படித் தளர்ந்தவரைத்தான் ‘சோம்பேறிக் கூலி’ என்று ஏசினார்கள். சோம்பல் அவர் குணத்தில் இல்லை நேயர்களே. அவர் குடலில் இருந்தது நோய்.

1915 முதல் 1917 வரை அமெரிக்காவின் ராக்பெல்லர் அறநிறுவனம் அனுப்பிய டாக்டர் டார்லிங்கும் அவர் குழுவினரும் மலாயா, ஜாவா, பிஜி நாடுகளில் இந்நோயை ஆராய்ந்தனர். மருந்து கொடுத்து வெளியேறிய புழுக்களை ஒவ்வொன்றாக எண்ணினர். புழு இருக்கிறதா என்பதைவிட எத்தனை புழு இருக்கிறது என்பதே முக்கியம் என்று காட்டினர். மருந்து மட்டும் போதாது என்பதும் தெளிவாயிற்று. மண் அசுத்தமாகவே இருந்தால், இன்று வெளியேறிய புழு நாளை மறுபடியும் கால் வழியே ஏறிவிடும்.

ஆகவே கழிப்பறை வேண்டும். ஜாவாவில் 1920களிலும் 1930களிலும் டாக்டர் ஹைட்ரிக் என்பவர் துளைக் கழிப்பறையைப் பரப்பினார். மண் துளைக்கும் கருவியால் சுமார் 40 சென்டிமீட்டர் அகலமும் 6 மீட்டர் ஆழமும் கொண்ட குழி. மேலே ஒரு பலகை. செலவு குறைவு. ஆனால் கடலோரக் கிள்ளான் பகுதி போன்ற தாழ்நிலத்தில் சற்றுத் தோண்டினாலே தண்ணீர் ஊறும். ஊறிய நீரில் கொசு வளரும். இக்குறையைத் தீர்த்தது வளைந்த குழாய். வளைவில் எப்போதும் தேங்கி நிற்கும் சிறிதளவு நீர், நாற்றத்தையும் ஈயையும் தடுக்கிறது. 1775இல் லண்டனில் கம்மிங் என்ற கடிகாரத் தொழிலாளி உரிமம் பெற்ற வளைவு அது. ஒரு சிறு வாளித் தண்ணீர் ஊற்றினால் போதும்.

நம் நாட்டில் தொழிலாளர் குடியிருப்புகளுக்குக் குறைந்தபட்சத் தரத்தை வகுத்த சட்டம் 1966இல் வந்தது. 1990இல் புதிய சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. சுகாதார அமைச்சு 1968இல் சோதனையாகத் தொடங்கிய கிராமப்புறச் சுகாதாரத் திட்டம், 1974 முதல் நாடெங்கும் பரவியது. நீர் ஊற்றும் கழிப்பறைகள் கம்பங்களில் அப்படித்தான் பெருகின.

நகரங்களில் நிலத்தடிக் குழாய்களும் மலத்தொட்டிகளும் வந்தபின் வாளிகள் மெல்ல மறைந்தன. சிங்கப்பூரில் கடைசி வாளி 1987இல் ஓய்ந்தது. இந்தியாவில் மனிதர் கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இலும் 2013இலும் சட்டங்கள் செய்யப்பட்டன. கோலார் தங்கவயலில் துப்புரவுத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த பெஜவாடா வில்சன் இந்த இழிவை ஒழிக்கப் போராடி, 2016இல் மகசேசே விருது பெற்றார். சட்டம் வந்தபின்னும் அங்கே சாக்கடைக் குழிகளில் இறங்கி உயிர்விடும் தொழிலாளர்கள் இருக்கிறார்கள் என்பது நெஞ்சைச் சுடும் உண்மை.

வாளி மறைந்தது, பொறுப்பு மறையவில்லை. அமெரிக்காவின் கிராண்ட் கன்யன் பள்ளத்தாக்கில் கொலராடோ ஆற்றில் ரப்பர்ப் படகில் பல நாள் பயணம் போகிறார்கள். முன்பெல்லாம் கழிவைக் கரை மணலில் புதைத்தார்கள். கூட்டம் பெருகியது, கரை கெட்டது. 1972இல் படகுப் பயணிகளிடையே சீதபேதி பரவியது. 1970களின் பிற்பகுதியில் புது விதி வந்தது: மலத்தைப் பெட்டியில் மூடித் திரும்பக் கொண்டுவர வேண்டும்! இராணுவத்தின் பழைய தோட்டாப் பெட்டிகளே கழிப்பறைகளாயின. டாக்டரும் வக்கீலும்கூடத் தம் கழிவைத் தாமே சுமக்கிறார்கள். அங்கே அது இழிவாகக் கருதப்படுவதில்லை; கடமையாகக் கருதப்படுகிறது.

விடுமுறையில் நாமும் குடும்பத்தோடு உலு லங்காட், சுங்கை சொங்காக் போன்ற ஆற்றோரங்களுக்குப் போகிறோம். லங்காட் ஆற்று நீர் சுத்திகரிக்கப்பட்டுக் கிள்ளான் பள்ளத்தாக்கின் குழாய்களுக்கு வருகிறது. மேலே ஒருவர் அசுத்தம் செய்தால் கீழே பலர் விலை கொடுக்கிறோம். ஆகவே, அங்குள்ள கழிப்பறையையே பயன்படுத்துங்கள். குழந்தையின் அணையாடையை ஆற்றிலோ புதரிலோ எறியாமல் பையில் கட்டி எடுத்து வாருங்கள். வீட்டில் மலத்தொட்டி இருந்தால் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆள் அழைத்துக் கசடை அகற்றுங்கள். பிள்ளைகளுக்குச் சப்பாத்து அணியவும், சோப்பிட்டுக் கைகழுவவும் பழக்குங்கள்.

இன்னொன்றும் சொல்லிக் கொடுங்கள். உங்கள் குடும்பத்தில் வாளி சுமந்த ஒரு பாட்டனார் இருந்திருந்தால், அவர் பெயரைத் தாழ்ந்த குரலில் சொல்ல வேண்டாம். மருத்துவர் நோய் வந்தபின் காப்பாற்றினார். அவரோ நோய் வருமுன் காப்பாற்றினார். இன்று நம் கழிப்பறைகளையும் சாக்கடைகளையும் துப்புரவு செய்பவர், எந்த நாட்டிலிருந்து வந்தவரானாலும், அந்தப் பாட்டனாரின் வேலையைத்தான் செய்கிறார். அவருக்கும் அதே மரியாதையைக் கொடுப்போம்.